ஜோர்கோவுக்கு ஒரு கேடயம்

திரையில் இருந்த அம்புக்குறி கால் மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றது. ஷாயிர்குல் மவுஸை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். வலப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். கடைசியில் அதைத் தூக்கி மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினாள். அம்பு அசையவில்லை. அதன் பக்கத்தில் ஒரு பச்சைக் கேடயம், கேடயத்துக்குக் கீழே ஒரு வரி: சோதனை நடக்கிறது, 2 சதவீதம்.

கதவு திறந்தது. மாப்பிள்ளை எல்யார் தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"ஆச்சா, எஜே?" மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆகுது, ஆகுது. ரெண்டு ஆயிருக்கு."

"ரெண்டா! இன்னும் பத்து மணிகூட அடிக்கலையே?"

"மணி இல்லடா. சதவீதம்."

தலை மெல்ல வெளியே போனது.

கோக்-தாலா பதிவு அலுவலகத்தில் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்ததே இல்லை. வட்டாரத்தில் பிறந்தவர், இறந்தவர், கட்டிக்கொண்டவர், அறுத்துக்கொண்டவர் அத்தனை பேரும் அந்த ஒரே கணினிக்குள்தான் இருந்தார்கள். வாங்கியது 2005-இல். வந்தபோது வெள்ளையாக இருந்தது, இப்போது பால் குறைந்த தேநீர் நிறம். ஷாயிர்குல் அதற்கு ஜோர்கோ என்று பெயர் வைத்திருந்தாள். குலுக்காமல் நடக்கும் குதிரையை அப்படித்தான் சொல்வார்கள். பறந்து ஓடாது. ஆனால் அதன்மேல் கிண்ணத்தோடு ஏறினால் தேநீர் சிந்தாமல் மலை தாண்டி இறங்கலாம். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ஜோர்கோ அவள் மானத்தை வாங்கியதில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்த குளிர்காலங்களிலும், கூரை ஒழுகி அதன் தலைக்குமேல் குடை பிடித்த வசந்தத்திலும், கேட்ட சான்றிதழைக் கேட்ட நேரத்தில் கொடுத்தது.

நேற்று மதியம்வரை.

நேற்று மதியம் தலைநகரிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். எல்லா அலுவலகக் கணினியிலும் 'கல்கான்' என்ற ஆன்டிவைரஸ் போட வேண்டும் என்று உத்தரவாம். கல்கான் என்றால் கேடயம். எவ்வளவு மெமரி இருந்தால் அது ஓடும் என்று அது வந்த சிடி அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. வந்தவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சத்தமாக வாசித்தார். போட்டார், கையெழுத்து வாங்கினார், வெளிச்சம் இருக்கும்போதே கணவாயைத் தாண்டணும் என்று கிளம்பிவிட்டார்.

வெளியே நடைக்கூடத்தில் கல்யாணக் கூட்டம். பெஞ்சு நிரம்பி, ஜன்னல் விளிம்பு நிரம்பி, மிச்சம் பேர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். எல்யாருக்கும் மணப்பெண் அய்தூருக்கும் மலைமேல் அணை கட்டுகிற இடத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒரு வருட ஒப்பந்தம். நாலு மணிக்குக் கம்பெனிப் பேருந்து புறப்படும். கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் தம்பதிக்குத் தனி அறை. காட்டாவிட்டால் அவன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆண்கள் கொட்டகையில், அவள் அந்தப் பக்கம் சமையல்காரப் பெண்களோடு. வருடம் முழுக்க ஆற்றைப் பார்த்துக் கையாட்ட வேண்டியதுதான்.

"கையால எழுதிக் கொடுத்தா ஆகாதா?" என்று அய்தூரின் அம்மா கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"கையால எழுதின காலமெல்லாம் போச்சு, தாயி. நம்பரை மெஷின்தான் கொடுக்கணும். நம்பர் இல்லாத தாள்ல ரொட்டிதான் சுத்தலாம்."

ஷாயிர்குல் தலைநகருக்குப் போன் போட்டாள். தொழில்நுட்பப் பிரிவில் ரவ்ஷான் என்பவர் எடுத்தார். பேச்சுக்கு நடுவே சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் கேட்டது.

"நேத்து போட்ட கேடயம் பொட்டியை அமுக்கிட்டு உட்கார்ந்திருக்கு, தம்பி."

"மெமரி எவ்வளவு, எஜே?"

"எனக்கா? நல்லாத்தான் இருக்கு."

"பொட்டிக்குக் கேட்டேன்."

"ஐந்நூத்திப் பன்னிரண்டுன்னு எழுதியிருக்கு."

கொறிப்பது நின்றது. "ஐந்நூறா? அது இன்னும் உசிரோட இருக்கா? என் போன்லயே இதைப்போல எட்டு மடங்கு இருக்கே!"

"உன் போன் இதுவரைக்கும் எத்தனை கல்யாணம் பண்ணி வெச்சிருக்கு?"

ரவ்ஷான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி விடுங்க. ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்."

செய்தாள். ஜோர்கோ எழுந்து நிற்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. எழுந்ததும் திரையில் புதிதாக ஒரு வரி: முதல் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. இது சந்தேகத்துக்கு இடமானது. ஆகவே ஆழ்ந்த சோதனை தொடங்குகிறது, 0 சதவீதம்.

தலை மறுபடி உள்ளே வந்தது. "இப்ப எவ்வளவு, எஜே?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு," என்றாள் ஷாயிர்குல்.

அந்தத் தலைக்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பை, முகத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாக்களுக்கே உரிய அந்தப் பொறுமை.

"நான் கொஞ்சம் பார்க்கட்டுமா? பேரு ஆனாரா. மேலத்தெரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கறேன். இதைவிடக் கிழடு பன்னிரண்டு வெச்சு மேய்ச்சிக்கிட்டிருக்கேன்."

"நீங்களும் இந்தக் கல்யாணத்துக்குத்தானே?"

"எதுக்கு வந்தா என்ன எஜே, இந்தப் பொட்டி ஓடினாத்தானே யாருக்கும் காரியம் நடக்கும்? தள்ளிக்கோங்க."

ஷாயிர்குல் தன் நாற்காலியை இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனாராவுக்கு விட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்த விதமே நம்பிக்கை தந்தது. மவுஸை ஆட்டவில்லை, பொத்தான்களைக் குத்தவில்லை. ஒரு விசையை அழுத்திவிட்டு மடியில் கை வைத்துக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம் கழித்து ஜோர்கோ அதற்குப் பதில் சொன்னது. அடுத்த விசை.

"வயசானதுங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா, பதில் வர்ற வரைக்கும் அடுத்த கேள்வி கேக்கக்கூடாது. எல்லாரும் பத்துத் தடவை அழுத்தறாங்க. அது பத்துக்கும் பதில் சொல்லணும்னு நினைச்சுத் திணறுது."

பத்தொன்பது வருடம் கூடவே இருந்தும் ஜோர்கோவை இவ்வளவு அழகாக யாரும் ஷாயிர்குலுக்குச் சொன்னதில்லை.

கல்கானில் 'இலகு நிலை' என்று ஒன்று இருந்தது. பழைய கணினிகளுக்காகவே வைத்தது. அதை மாற்றினால் போதும் என்றாள் ஆனாரா. மாற்றப் போனால் கடவுச்சொல் கேட்டது. மறுபடி ரவ்ஷான்.

"அதெல்லாம் போன்ல சொல்லக்கூடாது, எஜே. எழுத்துல மனு அனுப்புங்க, பதினைஞ்சு நாள்ல..."

"உங்க ஊர் எது, தம்பி?"

"ஏன்? கோக்-தாலாதான். சின்ன வயசுலயே இங்க வந்துட்டோம்."

"அப்போ நீ இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்க. பழைய ரிஜிஸ்டர்லேருந்து உன்னைத் தட்டி ஏத்தினவ நான். இது படுத்துச்சுன்னா நீ பொறந்ததுக்கே ஆதாரம் கிடையாது. பாத்துக்கோ."

கடவுச்சொல் உடனே வந்தது.

இலகு நிலைக்கு மாறுவதற்கு முன்னால், கல்கான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. மாப்பிள்ளையின் சித்தி தன் போனிலிருந்து இணையம் கொடுத்தாள். ஒரு மணி நேரம் பிடித்தது. கல்யாண விருந்துக்கு வைத்திருந்த போர்சோக் தட்டு அதற்குள் நடைக்கூடத்தில் இரண்டு சுற்று வந்துவிட்டது. பொரித்த மாவுருண்டை தீரத் தீர உறவினர்களின் குரலும் உயர்ந்தது.

புதுப்பித்து முடித்த கல்கான் சிலிர்த்து எழுந்தது. எழுந்த வேகத்தில் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டியது.

"என்ன சொல்லுது?" என்றாள் ஷாயிர்குல்.

ஆனாரா வாசித்தாள். "ஆபத்தான நிரல் ஒண்ணு பிடிபட்டுச்சாம். ஜனங்களோட பேரு, பொறந்த தேதி, விலாசம் எல்லாத்தையும் எடுத்து ரகசியமா எங்கயோ எழுதி வைக்குதாம்."

"அய்யோ! எது?"

"உங்க பதிவு மென்பொருள்."

"அதோட வேலையே அதுதானேம்மா!"

"இதுக்குத் தெரியுமா? பூட்டி வெச்சிடுச்சு."

கதவருகே நின்றிருந்த அய்தூர் முகத்திரையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள். மணி ஒன்று.

அப்போதுதான் ஜோர்கோவுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மனிதன் உள்ளே வந்தான். தடித்த கைகள், விரல் இடுக்கில் போகாத கிரீஸ் கறை. குனிந்து பெட்டியின்மேல் காதை வைத்தான்.

"காத்தாடி சுத்தல. சூடு ஏறிக் கிடக்கு. இதுகிட்டப் போயி யார் என்ன கட்டளை போட்டா என்ன? மூச்சு விட முடியாதவனை ஓடுன்னா ஓடுவானா?"

"மென்பொருள் சிக்கல் இது," என்றாள் ஆனாரா, திரும்பிப் பார்க்காமல்.

"எல்லாம் தெரிஞ்சவங்க சொன்னா சரிதான்."

"தெரிஞ்சதைத்தான் சொல்றேன்."

அந்த விநாடி ஜோர்கோ 'க்ளுக்' என்று அணைந்தது. அந்த மனிதன் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். பெயர் தோலோன், லாரி மெக்கானிக்.

"உங்க வீட்டுக்காரரா?" என்று ஷாயிர்குல் மெதுவாகக் கேட்டாள்.

"பதினெட்டு வருஷமா," என்றாள் ஆனாரா.

மூடியைக் கழற்றியதும் உள்ளே ஒரு கம்பளமே இருந்தது. பத்தொன்பது வருடத் தூசு, ஆட்டுரோமம் மாதிரி திரண்டு காத்தாடியை இறுக்கிக் கட்டியிருந்தது. தோலோன் பெட்டியை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனான். அவன் லாரியில் டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் இருந்தது. கல்யாணக் கூட்டம் முழுவதும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

"மெல்ல!" என்றாள் ஆனாரா.

"மெல்லத்தான்."

காற்று பாய்ந்தது. வட்டாரத்தின் பத்தொன்பது வருடத் தூசு ஒரே மேகமாக எழும்பி, முன்வரிசையில் நின்ற மணப்பெண்ணின்மேல் இறங்கியது. வெள்ளை உடுப்பு சாம்பலானது. அம்மா அலறினாள். எல்யார் கைக்குட்டையால் துடைக்கப் போய்ச் சாம்பலைக் கறுப்பாக்கினான். அய்தூர் அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தபோது அவள் தும்மினாள். ஏழு தும்மல். ஏழாவதில் சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டியை உள்ளே கொண்டுவந்து பொருத்தி அழுத்தினார்கள். 'பீப், பீப், பீப்' என்று மூன்று நீண்ட ஓலம். திரை இருட்டு.

"மெமரி கழண்டிருக்கு," என்றாள் ஆனாரா. "மெல்லன்னு சொன்னேன்."

"மெல்லத்தான் அடிச்சேன்."

"நீங்க மெல்லன்னு நினைக்கறது ஊருக்கெல்லாம் சூறாவளி."

"அதையும் இத்தனை வருஷம் கழிச்சுத்தான் சொல்றே."

"எப்பக் கேட்டீங்க, சொல்றதுக்கு?"

தோலோன் பெட்டிக்குள் குனிந்தான். விரல் நீளத்துக்கு இருந்த அந்தப் பச்சை மெமரித் தகட்டைப் பிடுங்கினான். முனையில் கறுப்புப் படிந்திருந்தது. ஆனாரா பையைத் துழாவி ஒரு பள்ளிக்கூட ரப்பரை எடுத்து, கேட்காமலே நீட்டினாள். அவன் முனையைத் தேய்த்தான். அவள் ஊதினாள். அவன் திருப்பிப் பிடித்தான். அவள் மறுபக்கத்தைத் தேய்த்தாள். நாலு கையும் ஒருவருடையதுபோல வேலை செய்தன. ஷாயிர்குல் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான ஜோடிகளைப் பதிவு செய்திருக்கிறாள். இப்படி ஒரு ஜோடியை இந்த மேசைக்குப் பக்கத்தில் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

"இதே மாதிரி இன்னொரு தகடு இருந்தா," என்றாள் ஆனாரா, "மூச்சு ரெட்டிப்பாகும். கேடயமும் நடக்கும், குதிரையும் நடக்கும்."

"பக்கத்து ரூம் புள்ளிவிவர ஆபீஸை மூடிட்டுப் போனப்ப ஒரு செத்த பொட்டியை விட்டுட்டுப் போனாங்க. ஸ்டோர்ல இருக்கு!" என்று ஷாயிர்குல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தைந்து வயதில் அவள் ஓடியதை அன்றுதான் ஊர் பார்த்தது.

செத்த பெட்டியிலிருந்து தகடு வந்தது. அதையும் தேய்த்துப் பொருத்தினார்கள். தோலோன் காத்தாடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டான்.

"ஒரு சொட்டு போதும்," என்றாள் அவள்.

"ஒரு சொட்டுத்தான் விட்டேன். பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமா," என்றாள். "சரியா விட்டிருக்கீங்க."

தோலோன் திருப்புளியைத் தவறவிட்டான்.

மணி இரண்டே முக்கால். ஜோர்கோ நாலே நிமிடத்தில் எழுந்தது. ஷாயிர்குல் நம்பாமல் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள். ஆனாரா பூட்டுக்குள் கிடந்த பதிவு மென்பொருளை வெளியே எடுத்து, 'இது நம்ம ஆளு, தொடாதே' என்று கல்கானுக்குச் சொல்லிவைத்தாள். இலகு நிலைக்கு மாற்றினாள். இந்தமுறை கேடயம் அடக்கமாக ஒரு மூலையில் நின்றுகொண்டு, வேலை கெடாமல் தன் சோதனையைத் தொடங்கியது. பத்து சதவீதம். இருபது. முப்பத்தொன்றில் ஒரு சின்ன மணி அடித்தது.

"திரும்ப என்ன? எங்க பொட்டியைக் குறை சொல்றதே இதுக்குப் பொழைப்பா?"

"இல்ல எஜே. இது நிஜ வைரஸ். பதினோரு வருஷமா உள்ளேயே இருந்திருக்கு. எதை அச்சடிச்சாலும் ரெண்டு தடவை அடிக்க வைக்குமாம்."

ஷாயிர்குல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தடவையா? புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னு அது ஏதோ புதுச் சட்டம்னுல்ல நினைச்சேன்! மரணச் சான்றிதழுக்குக்கூட ரெண்டு கொடுத்தேனே, செத்தவருக்கு எதுக்கு ஒண்ணுன்னு ஒருத்தரும் கேக்கலையே!"

சிரிப்பு நடைக்கூடம்வரை போனது. கல்கான் அந்த வைரஸைப் பிடித்து வெளியே தள்ளியது. ஷாயிர்குல் பச்சைக் கேடயத்தை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள். "வேலைக்காரன்தான்," என்றாள். "மேல ஏறி உட்காராம இருந்தா நல்ல வேலைக்காரன்."

மூன்று இருபதுக்கு, சாம்பல் நிற மணப்பெண்ணும் கை கறுத்த மாப்பிள்ளையும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். ஷாயிர்குல் உரையை வேகமாக, ஆனால் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். கையெழுத்தானது. அச்சு இயந்திரம் உறுமி, நம்பரோடு ஒரே ஒரு தாளைத் தள்ளியது. நடைக்கூடத்தில் கைதட்டல். அய்தூர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஆனாராவிடம் வந்தாள்.

"அக்கா, நாங்களும் பதினெட்டு வருஷம் கழிச்சு உங்க ரெண்டு பேர் மாதிரியே இருக்கணும். ஆசீர்வாதம் பண்ணுங்க."

ஆனாரா ஒரு நொடி தோலோனைப் பார்த்தாள். அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதைவிட நல்லா இருங்க," என்றாள் ஆனாரா. தோலோன் மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்: "அப்பப்ப மூடியைக் கழட்டித் தூசு ஊதுங்க."

தம்பதி ஓடினார்கள். பின்னாலேயே பெட்டிகள், அம்மாக்கள், மிச்சமிருந்த போர்சோக் தட்டு. நாலு மணிக்குப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு பாலம் ஏறுவதை ஷாயிர்குல் ஜன்னலில் நின்று பார்த்தாள். பின்கண்ணாடியில் ஒரு சாம்பல் நிற முகத்திரை அசைந்தது.

திரும்பியபோது ஆனாரா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்தில் லாரி உறுமியது, இரண்டு தடவை ஹாரன்.

"வரேன், வரேன்! இத்தனை வருஷமாகியும் பொறுமை இல்ல இந்த மனுஷனுக்கு," என்றாள் ஆனாரா. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஷாயிர்குல் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நில்லும்மா. இப்படி ஒரு ஜோடி இருக்குன்னு நான் ஊரெல்லாம் சொல்லணும். நீங்க பொண்ணு வீட்டு ஆளா, மாப்பிள்ளை வீட்டு ஆளா?"

"ரெண்டும் இல்ல, எஜே," என்றாள் ஆனாரா. "நாங்க விவாகரத்து வாங்க வந்தோம், உங்க பொட்டி இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா காலையிலயே கிடைச்சிருக்கும்."